ஒரு பொம்மைக்குள் இரண்டு பேர்!

"மப்பெட் ஷோ" என்ற பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு சமையற்காரர் வருவார். பெரிய மீசை. கண்ணை மறைக்கும் புருவம். அவர் பேசும் பாஷை உலகத்தில் யாருக்கும் புரியாது. தலை பொம்மைத் தலை. கைகள் மட்டும் நிஜ மனிதக் கைகள்!

ரகசியம் இதுதான். தலைக்குள் கையை விட்டு, வாயசைத்துப் பேசுகிறவர் ஒருவர். சட்டைக் கையிலிருந்து நீளும் கைகள் வேறொருவருடையவை. கைக்காரர் திடீரென்று எதையாவது எடுத்து வீசுவார். தாமே வீசியதுபோல் தலைக்காரர் அந்த க்ஷணமே பேசியாக வேண்டும்!

தலைக்காரர் ஜிம் ஹென்சன். கைக்காரர் பிராங்க் ஆஸ். 27 வருஷம் நீடித்த கூட்டு இது.

நம்மூர்ப் பொம்மலாட்டக்காரர் மேலே நின்று நூலை இழுப்பார். இவர்களோ கீழே மறைந்து, கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டுவார்கள். பொம்மை எப்படித் தெரிகிறது என்பதை எதிரே உள்ள தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும். தோள் கழன்றுவிடும்!

பத்திரிகை ஆசை

அமெரிக்காவில் மிஸிஸிபி மாகாணத்தில் பிறந்தவர் ஹென்சன். 1955-ல் தாயாரின் பழைய கோட்டை வெட்டி, பிங்பாங் பந்தைப் பிளந்து கண்களாக ஒட்டி ஒரு பொம்மை செய்தார். அதுதான் பின்னாளில் உலகம் கொண்டாடிய "கெர்மிட்" தவளை.

ஆஸின் தாய் தந்தையரே பொம்மலாட்டக்காரர்கள். பிள்ளைக்கோ பத்திரிகை நிருபராக ஆசை! (எங்கள் தொழிலுக்கு நஷ்டம்தான், என்ன செய்ய?) 1961-ல் கலிபோர்னியாவில் நடந்த பொம்மலாட்டக்காரர் விழாவில் இருவரும் சந்தித்தார்கள். ஆஸுக்கு அப்போது 17 வயது. 1963-ல் நியூயார்க் சென்று ஹென்சனிடம் சேர்ந்தார்.

கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? ரௌல்ப் என்ற நாயின் வலது கை! தலையும் இடது கையும் ஹென்சனுடையவை. குரல் கொடுக்க ஆஸுக்கு அப்போது ஒரே கூச்சம்.

எர்னியும் பெர்ட்டும்

1969-ல் "ஸெஸமி ஸ்ட்ரீட்" என்ற குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்கியது. அதில் எர்னி, பெர்ட் என்று ஒரே வீட்டில் வசிக்கும் இரு நண்பர்கள். எர்னி குறும்பன், நடுநிசியில் எழுப்பிச் சந்தேகம் கேட்பான். பெர்ட் ஒழுங்குக்காரன், காகிதக் கிளிப்புகளைச் சேகரிப்பவன். முதலில் வேஷத்தை மாற்றிப் பார்த்தார்களாம், சரிப்படவில்லை. ஹென்சன் எர்னியானார், ஆஸ் பெர்ட்டானார். நிஜத்திலும் சுபாவம் அப்படித்தான். ஹென்சன் விளையாட்டுப் பிள்ளை. ஆஸ் எதையும் துருவிப் பார்ப்பவர். கெர்மிட்டை விடாமல் துரத்திக் காதலிக்கும் பன்றிச் சீமாட்டி "மிஸ் பிக்கி"யும் ஆஸின் கைதான்! ஒத்திகையில் வெறும் அறையாக இருந்ததை அவர் கராத்தே வெட்டாக மாற்றினார். அதுவே அந்த அம்மாளின் முத்திரையாகிவிட்டது.

சிஷ்யனைத் தன் நிழலிலேயே வைத்துக்கொள்ளும் குருமார் உண்டு. ஹென்சன் அந்த ரகமல்ல. 1980-ல் வந்த "ஸ்டார் வார்ஸ்" படத்தின் யோடா பொம்மைக்கு ஆள் வேண்டியபோது ஆஸைக் கைகாட்டியவர் அவரே. 1982-ல் "டார்க் கிரிஸ்டல்" படத்தை இருவரும் சேர்ந்து டைரக்ட் செய்தார்கள். முன்பின் அனுபவமில்லாத தன்னை ஏன் அழைக்கிறீர்கள் என்று கேட்டார் ஆஸ். நீ இருந்தால் படம் இன்னும் நன்றாக வரும் என்பதுதான் பதில். பிறகு ஆஸ் தனியாகவே படங்கள் எடுக்கலானார். ஆயினும் பெர்ட் அழைத்தால் வருவார்.

1990 மே 16 அன்று ஹென்சன் நிமோனியாவில் காலமானார். வயது 53. அவர் விருப்பப்படி அஞ்சலிக் கூட்டத்துக்கு யாரும் கறுப்பு உடுத்தி வரவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஹென்சன் தம் கையாலேயே செய்து கொடுத்த பெர்ட் பொம்மைப் பரிசைப் பற்றி ஆஸ் பேசினார். வேடிக்கைக்காகச் செய்த பரிசுதான். ஓயாத வேலைக்கிடையே அதற்காக அவர் எத்தனை மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பார் என்று எண்ணியபோதே அவர் அன்பு புரிந்தது என்றார். மேலே பேச முடியவில்லை.

சில வருஷங்களுக்குப் பின் எர்னிக்கு வேறொரு கலைஞர் கை கொடுத்தார். ஆஸ் மறுபடியும் பெர்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.