கரையிலிருந்து தூண்டில் வீச எத்தனை அடிக் கோல் ஏற்றது?

பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் சிறு விவசாயிகளுக்கு ஒரு தொல்லை உண்டு. வாய்க்கால் நீரோடும் மழை வெள்ளத்தோடும் விரால், கெளுத்தி, ஜிலேபி கெண்டை போன்றவை குட்டைக்குள் வந்து சேர்ந்துவிடும். வளர்ப்புக் குஞ்சுகளை விரால் விழுங்கும். ஜிலேபி கெண்டை பெருகித் தீவனத்தில் பங்கு கேட்கும். இவற்றைப் பிடிக்க அடிக்கடி வலை இழுத்தால் ஆள் கூலி ஆகும். வளரும் மீன்களும் அடிபடும். விராலோ சேற்றில் பதுங்கி வலைக்குத் தப்பிவிடும்.

இந்நிலையில் கரையில் நின்று தூண்டில் போட்டு அவ்வப்போது பிடித்து எடுப்பது செலவு குறைந்த வழி. வீட்டுக்குக் குழம்பு மீனும் கிடைக்கும். தூண்டில் மட்டுமே குட்டையைச் சுத்தம் செய்துவிடாது. நீர் வரும் வழியில் நெருக்கமான கண்ணுள்ள வலை கட்டுவதே முதல் காப்பு. எனினும் இருக்கும் விராலின் எண்ணிக்கையைத் தூண்டில் குறைக்கும்.

மென்தூண்டில் முறை

தெளிந்த நீரிலும், ஆள் நடமாட்டம் மிகுந்த கரையிலும் மீன்கள் மிரளும். தடித்த நரம்பையும் பெரிய கொக்கியையும் கண்டால் ஒதுங்கும். அங்கே மெல்லிய நைலான் நரம்பு, சிறு கொக்கி, சிறு இரை, வளையும் தன்மையுள்ள இலேசான கோல் ஆகியவை பலன் தரும். அமெரிக்காவில் 'பாஸ்' என்னும் இரைதின்னி மீனைப் பிடிப்போர் பெரிதும் கையாளும் முறை இது. கோலின் அடிப்பக்கத்தில் தொங்கும் ஸ்பின்னிங் ரீலில் நரம்பைச் சுற்றி வைத்து வீசுவார்கள். இவ்வகைக் கோல்களும் ரீல்களும் நம் ஊர்க் கடைகளிலும் விற்பனைக்கு வருகின்றன.

வாங்கப் போகும்போது எழும் கேள்வி, கோல் 6 அடியா, 7 அடியா, 8 அடியா என்பதுதான். நீளமான கோல்தான் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நிற்கும் கரைதான் கோலின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

நீளம் கூடினால் என்ன நன்மை?

ஒன்று, இலேசான இரையும் தூரம் போகும். நீண்ட கோலின் முனை வேகமாகச் சுழல்வதே காரணம்.

இரண்டு, நரம்பைச் சட்டென இழுக்க முடியும். 6 அடிக் கோலைக் கால் வட்டம் தூக்கினால் அதன் முனை சுமார் 9½ அடி நகரும். 8 அடிக் கோலின் முனை சுமார் 12½ அடி நகரும். நைலான் நரம்பு இழுபடும் தன்மை உடையது. ஆகவே தூரத்தில் கடிக்கும் மீனின் வாயில் கொக்கி பதிய இந்த 3 அடி வித்தியாசம் உதவும்.

மூன்று, கரையோரக் கோரையும் பாசியும் நரம்பில் சிக்காமல் தூக்கிப் பிடிக்கலாம். நான்கு, நீண்ட கோல் வளைந்து கொடுப்பதால் மெல்லிய நரம்பு திடீர் இழுப்பில் அறுவதும் குறையும்.

என்ன தீமை?

ஒரு வாளித் தண்ணீரைக் குறுங்கம்பின் நுனியில் மாட்டித் தூக்குவதற்கும் நெடுங்கம்பின் நுனியில் மாட்டித் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு எல்லோரும் அறிந்தது. மீன் இழுக்கும்போதும் அப்படித்தான். கோல் நீள நீள மணிக்கட்டில் பாரம் ஏறும். குறி வைத்து வீசுவதும் கடினமாகும். பின்னால் வேலிமுள்ளோ, தென்னை மட்டையோ இருந்தால் நீண்ட கோல் ஒவ்வொரு வீச்சிலும் மாட்டிக்கொள்ளும். பிடித்த மீனைக் கைக்குக் கொண்டுவருவதும் சிரமம். பிடியுள்ள கைவலை ஒன்று தேவைப்படும்.

மூன்று அளவுகள்

கோல் வாங்குமுன் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் போய் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, முதுகுப்புறம். கோலின் நீளத்துடன் ஒரு கை நீளமும் சேர்த்துப் பின்னாலும் தலைக்கு மேலும் காலியிடம் வேண்டும்.

இரண்டாவது, காலடி. கரையிலிருந்து தெளிந்த நீர் வரை கோரையும் பாசியும் எத்தனை அடி அகலம் என்று அளக்க வேண்டும். 3 அடிக்கு மேல் இருந்தால் சற்று நீண்ட கோல் தேவை.

மூன்றாவது, எதிர்ப்புறம். இரை எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கணக்கிட வேண்டும். 30 மீட்டர் சதுரக் குட்டையில் எந்தக் கரையிலிருந்தும் நடுப்பகுதி 15 மீட்டர்தான். அதற்கு 8 அடிக் கோல் வேண்டியதில்லை. விராலும் பெரும்பாலும் ஓரத்துப் புல்லருகேதான் இருக்கும். காற்று வாங்க அடிக்கடி மேலே வரும் மீன் அது, கண்டுகொள்வது எளிது.

இவற்றை வைத்துப் பார்த்தால்:

மரமும் புதரும் சூழ்ந்த சிறு குட்டைக்கு 6 முதல் 6½ அடி.

ஓரளவு திறந்த வரப்புள்ள பண்ணைக்குட்டைக்கு 7 அடி. ஒரே கோல்தான் வாங்க முடியும் என்போருக்கும் இதுவே ஏற்றது.

அகன்ற, மரமற்ற ஏரிக்கரைக்கு 7½ முதல் 8 அடி.

அடர்ந்த பாசிக்குள் இருக்கும் பெரிய விராலுக்கு மென்தூண்டில் ஏற்றதன்று. கடித்த மீன் பாசிக்குள் புகுந்து நரம்பை அறுத்துக்கொண்டு, வாயில் கொக்கியோடு போய்விடும். அங்கே தடித்த நரம்பும் விறைப்பான கோலும் வேண்டும்.

ரீல் வாங்க வசதி இல்லாதவர்கள் 10 முதல் 12 அடிக் கெட்டி மூங்கில் கழியையே பயன்படுத்தலாம். ரீல் இல்லாத கழியில் நரம்பை விட்டுக்கொடுக்க முடியாது. மீனின் இழுப்பைத் தாங்குவது கழியின் வளைவு மட்டுமே. அதனால் இங்கே நீளம் அவசியம்.

மின்கம்பி: மறக்கக் கூடாத எச்சரிக்கை

பம்புசெட் உள்ள தோட்டங்களில் குட்டையை ஒட்டியோ அதன் மேலோ மின்கம்பி செல்வது சாதாரணம். பல இடங்களில் கம்பி தொய்ந்தும் இருக்கும். இப்போது விற்கும் இலேசான கோல்களில் பெரும்பாலானவை கார்பன் இழையால் ஆனவை. கார்பன் வழியே மின்சாரம் பாயும். நனைந்த மூங்கிலும் நம்பத்தக்கதன்று. நின்ற ஆள் கை தூக்கி 8 அடிக் கோலைப் பிடித்தால் அதன் முனை தரையிலிருந்து சுமார் 15 அடி உயரத்துக்குப் போகும். உயர் அழுத்தக் கம்பியில் கோல் தொடவே வேண்டியதில்லை. நெருங்கினாலே மின்சாரம் தாவும்.

ஆகவே மின்கம்பி செல்லும் பக்கத்துக் கரையில் நின்று தூண்டில் போடக் கூடாது. கம்பி இருக்கும் திசையில் வீசவும் கூடாது. குட்டையின் மேலேயே கம்பி சென்றால் அக்குட்டையில் கோலை எடுக்கவே கூடாது. நரம்பு கம்பியில் சிக்கினால் இழுக்காமல், கோலையும் நரம்பையும் தொடாமல் விலகி மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். இடி மின்னல் நேரத்தில் கரையை விட்டு அகல வேண்டும். ஒரு கிலோ விராலுக்காக ஒரு குடும்பத்தின் உழைப்பாளியை இழக்கலாகாது.

பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையின் சரிவு ஈரத்தில் வழுக்கும். விழுந்தவர் ஏறி வருவது கடினம். சரிவில் இறங்காமல் மேல் வரப்பிலேயே நிற்க வேண்டும். இத்தகைய குட்டைக்கு அரை அடி நீளம் கூடிய கோல் வாங்குவது இதற்காகவே தகும். சிறுவர்களைத் தனியே விடக் கூடாது.

வாங்கும்போது கவனிக்க

கோலின் அடியில் நீளமும், எத்தனை கிராம் இரைக்கு ஏற்றது என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். மென்தூண்டிலுக்கு 3 முதல் 10 கிராம் வரை வீசக்கூடியது போதும். நரம்பு 4 கிலோ தாங்கினால் சரி. நரம்பு செல்லும் வளையங்களுக்குள் பஞ்சைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சு சிக்கினால் வளையத்தில் கீறல் உள்ளது, நரம்பு அறும். ரீலை மாட்டிப் பிடித்துப் பார்த்து, முனை கனக்காத கோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், தவறிச் சிக்கும் கட்லா, ரோகுவைக் காயமின்றிக் கழற்றித் திரும்ப விடலாம். பொது ஏரி, கண்மாய்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கலாம். அங்கே அனுமதி பெற்றே தூண்டில் போட வேண்டும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் தாய் தந்தை விராலை அத்தகைய நீர்நிலைகளில் பிடிக்காமல் விட்டால் அடுத்த ஆண்டும் விரால் கிடைக்கும்.

கடைக்குப் போகுமுன் ஒருமுறை கரைக்குப் போய், முதுகுப்புறம், காலடி, எதிர்ப்புறம் மூன்றையும் அளந்து, தலைக்கு மேலே கம்பி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டால், கோலின் நீளம் தானே விளங்கிவிடும்.