பழைய கம்ப்யூட்டர் ரூட்டர் ஆகுமா?

தூசி படிந்து மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்ததும், "இது எதுக்கும் ஆகாது, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்கிறோம். கொஞ்சம் பொறுங்க! ஒரு கணினி அறைக்கே இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரூட்டராக அதை மாற்றலாம். எப்படி என்று பார்ப்போமா?

ரூட்டரின் வேலை என்ன?
தபால் நிலையத்தில் பின்கோடு பார்த்துக் கடிதங்களைப் பிரிப்பார்கள் அல்லவா? அதே வேலைதான். இணையத்தில் தகவல்கள் 'பாக்கெட்' என்னும் சிறு துண்டுகளாகப் போகின்றன. ஒவ்வொன்றின் முகவரியையும் பார்த்துச் சரியான வழியில் அனுப்புவது ரூட்டர். இதைச் சாதாரணக் கம்ப்யூட்டரும் செய்யும். இரண்டு நெட்வொர்க் கார்டும், லினக்ஸ் போன்ற இலவச மென்பொருளும் போதும்.

இது புதுசு இல்லை!
1969-ல் அமெரிக்காவில் அர்பாநெட் தொடங்கியபோது இந்த வேலையைப் பார்த்தது ஹனிவெல் 516 என்ற மினி கம்ப்யூட்டர். 1986-ல் வந்த என்எஸ்எஃப்நெட்டிலும் பிடிபி-11 வகைக் கம்ப்யூட்டர்களே ரூட்டர்கள். அப்போது லைனின் வேகம் நொடிக்கு 56 கிலோபிட்தான்!

அப்புறம் ஏன் தனிக் கருவி?
வேகம் கூடிவிட்டது. 1 கிகாபிட் லைனில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் வந்தால், ஒரு நொடிக்குச் சுமார் 14 லட்சத்து 88 ஆயிரம் வரும்! பழைய கம்ப்யூட்டர் திணறிப்போகும். பெரிய நிறுவனங்களின் ரூட்டர்களில் இதற்கென்றே செய்த சிப் இருக்கிறது. மிக்ஸியில் சட்னியும் அரைக்கலாம், மாவும் அரைக்கலாம். ஆனால் ஹோட்டலுக்குத் தினமும் மாவு அரைக்க கிரைண்டர்தானே வேணும்?

ஒரு வேடிக்கை என்னவென்றால், வீட்டில் இருக்கும் சின்ன ரூட்டரும் உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். 2002-ல் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டருக்குள் ஓடியது லினக்ஸ். அதன் மூல நிரலை வைத்து 2004-ல் 'ஓபன்டபிள்யூஆர்டி' என்ற இலவச மென்பொருள் பிறந்தது.

எது நல்லது?
சின்ன ரூட்டரில் ஃபேன் இல்லை, ஹார்டு டிஸ்க் இல்லை. அதனால் பழுதும் குறைவு. ஆனால் கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால், பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டரிலோ மென்பொருளை நாமே புதுப்பிக்கலாம். எந்தத் தளத்தைத் தடுப்பது, யாருக்கு எவ்வளவு வேகம் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துக் கற்கலாம்.

மின்சாரத்தையும் பார்க்கணும். பழைய கம்ப்யூட்டர் 70 வாட், சின்ன ரூட்டர் 8 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்க இரவு பகலாக ஓடினால் முதலாவதற்கு 613 யூனிட், இரண்டாவதற்கு 70 யூனிட். அடேயப்பா! ஆனால் 200 பள்ளி நாட்களில், தினம் 8 மணி நேரம் மட்டும் ஓடினால் கம்ப்யூட்டருக்கு 112 யூனிட்தான்.

ஆகவே, அணைக்காமல் ஓட வேண்டிய வீட்டுக்குச் சின்ன ரூட்டர், பெரிய நிறுவனத்துக்குத் தனிச் சிப் உள்ள கருவி, மாலையில் அணைத்துவிடும் பள்ளிக் கணினி அறைக்குப் பழைய கம்ப்யூட்டர். இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடும் முன் ஒரு தடவை யோசிப்போமே!

உங்களுக்கு ஒரு கணக்கு: உங்கள் வீட்டு ரூட்டரின் அடாப்டரில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். அது அதிகபட்சம் எத்தனை வாட் எடுக்கும் என்று தெரியும்!