க்யூ போகட்டும்... பெட்டி இருக்கட்டும்!

போன வாரம் என் மனைவி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "இனிமே காய்கறிக்குக்கூட நீங்க வெளியே அலைய வேணாம். எல்லாம் ஃபோன்லயே வந்துடும்!"

சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா என்று தெரியவில்லை. கத்தரிக்காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பத்து வருஷமாக டீக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், சார்!

கரண்ட் பில், கேஸ், பேங்க், சினிமா டிக்கெட் எல்லாமே உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. மிச்சமிருக்கிற வாழ்க்கையையும் அங்கேயே குடிவைத்துவிட்டால் என்ன? நல்ல கேள்விதான். இதற்கு விடை எனக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில்தான் கிடைத்தது.

நான் பி.காம். திருவொற்றியூரில் ஏறி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று எண்ணிக்கொண்டே போய், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். டிக்கெட் கவுன்ட்டர் க்யூவில் நின்றே பாதி இளமை போயிற்று (மீதி இளமை, அக்கவுன்ட்ஸ் டாலி ஆகாமல் போயிற்று!). 2015-ல் சென்னை புறநகர் ரயிலுக்கு மொபைல் டிக்கெட் வந்தபோது கும்பிட்டு வரவேற்றேன். அதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு அழுத்தினால் அந்த ஆப் அப்போது டிக்கெட் தந்ததில்லை. டிக்கெட் பரிசோதகர் வருவதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கிற புத்திசாலிகளைத் தடுக்க அந்த ஏற்பாடு. ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனை விட்டு வெளியே ஓடியவர்களை நானே பார்த்திருக்கிறேன்!

ஆனாலும், க்யூ ஒழிந்ததில் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. சிப்காட்டில் இரும்பு உருக்குகிற ஆலைகளில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா பையன்களைக் கேட்டுப் பாருங்கள். ஊருக்குப் பணம் அனுப்ப பேங்க் வாசலில் நின்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இப்போது டீ ஆறுவதற்குள் அம்மா கணக்கில் பணம் ஏறிவிடுகிறது. இதை வேண்டாமென்று சொல்கிறவன் மனுஷனே இல்லை.

அப்புறம் எங்கேதான் இடிக்கிறது?

எங்கள் ரயில் பெட்டியில் ஒரு செட் உண்டு. ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு கட்சி. அதில் 'ஸ்டோர்ஸ் அண்ணன்' என்று ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல். தினமும் டிபன் பாக்ஸைத் திறந்து, "எடுத்துக்கப்பா" என்று நீட்டாமல் சாப்பிட மாட்டார்.

2020 மார்ச்சில் ரயில் நின்றது. அக்டோபரில் மறுபடி ஓடியபோது அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும்தான் இடம். நாங்கள் வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து அதையே 'பெட்டி' ஆக்கிக்கொண்டோம். அண்ணன் ஒருநாள் தவறாமல் விடியற்காலையில் ஒரு ரோஜாப் பூவும் 'காலை வணக்கம்' என்ற வரியும் போடுவார். நாங்கள் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம். 'அண்ணன் ஜோரா இருக்கார்' என்று அர்த்தம்.

2021 கடைசியில் பழையபடி காலை ரயிலில் ஏறினோம். அண்ணன் சீட் காலி. ஒரு நாள்... இரண்டு நாள்... மூன்றாம் நாள் பொன்னேரி தாண்டியதும் ஃபோன் போட்டேன்.

"வேலை போயி ஒன்றரை வருஷம் ஆகுது தம்பி" என்றார் சாதாரணமாக.

"என்னண்ணே இது! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க யாரும் கேக்கலையேப்பா..."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்றரை வருஷமாக அவர் பூ அனுப்பியிருக்கிறார். நாங்கள் கட்டைவிரல் காட்டியிருக்கிறோம். இதே ரயிலாக இருந்தால் முதல் வாரமே பிடித்திருப்போம். சவரம் செய்யாத முகத்தைப் பார்த்ததும் ஒருத்தன் கேட்டிருப்பான், திறக்காத டிபன் பாக்ஸைப் பார்த்து இன்னொருத்தன் கேட்டிருப்பான்.

அன்றைக்கே பெட்டியில் விஷயம் பரவிற்று. பக்கத்து சீட்டுக்காரரின் மச்சானுடைய கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவுக்கு ஆள் தேவையாம். பதினைந்தே நாளில் அண்ணன் மறுபடி டிபன் பாக்ஸோடு ரயிலில்! பயோடேட்டாவெல்லாம் அப்புறம்தான் கேட்டார்கள்.

கணக்குப் புத்தி எனக்கு. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்று படித்தவன். வாழ்க்கை ஃபோனுக்குள் போவதில் நமக்கு உள்ளே வருவது நேரம். வெளியே போவது முகம். காத்திருப்பது மட்டுமே வேலையாக இருக்கிற இடங்களை (பில், பாரம், சான்றிதழ்) தாராளமாக ஃபோனுக்குத் தள்ளிவிடலாம். ஆள் ஆளைப் பார்க்கிற இடத்தைத் தள்ளினால் கணக்கு உதைக்கும்.

இன்னொன்று. ஃபோன் இல்லாத பாட்டிக்கும், ஆப் புரியாத கூலிக்காரருக்கும் ஒரு கவுன்ட்டராவது திறந்திருக்க வேண்டும். நமக்கு வசதி வந்துவிட்டது என்பதற்காக அவர்களுக்கு வாசலை மூடக் கூடாது.

மனைவியிடம் சமரசம் பேசிவிட்டேன். கத்தரிக்காய் ஃபோனில் வரட்டும். டீக்கு மட்டும் நான் நேரில்!

அண்ணன் இன்றைக்கும் ரோஜாப் பூ அனுப்புகிறார். நான் கட்டைவிரல் காட்டுவதை விட்டுவிட்டேன். ஃபோன் போட்டுக் கேட்கிறேன்: "அண்ணே, பூ நல்லாருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?"