தீவு மருத்துவரும் இரத்தவியல் பயிற்சியும்

வட, மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம் மாயாபந்தர். 1925 முதல் பர்மாவினின்று வந்த கரேன் மக்களும், நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்தினின்று வந்தோரும் இப்பகுதியில் குடியேறினர். அவ்விரு நாட்டுப் பகுதிகளிலும் ஹீமோகுளோபின் 'ஈ' எனும் பரம்பரை மாற்றம் மிகுதி. எனவே, இங்குப் பணிபுரிய வரும் இளம் மருத்துவருக்கு இரத்தவியல் தேர்வுக்குரிய பாடம் மட்டுமன்று.

சோகையுற்றவரின் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருப்பின், இரும்புச் சத்துக் குறைவென்றே முதலில் கருதத் தோன்றும். பீட்டா தலசீமியாக் கூறுடையோரின் அணுக்களும் அவ்வாறே காணப்படும். இரும்புக் குறைவில்லாத அவர்களுக்கு இரும்பு மாத்திரை பயன் தராது. தீங்கு அத்துடன் நிற்பதுமில்லை. பெற்றோருள் ஒருவர் அக்கூற்றையும் மற்றவர் ஹீமோகுளோபின் 'ஈ' கூற்றையும் உடையவராயின், ஒவ்வொரு கருவிலும் இரண்டும் சேர்வதற்கு நான்கில் ஒரு வாய்ப்புண்டு. அக்குழந்தைக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற நேரிடலாம்.

இரு நோயாளர், ஒரு கணக்கு

சிவப்பணுவின் சராசரிப் பருமனை, மைக்ரோலிட்டருக்கு எத்தனை மில்லியன் அணுக்கள் என்னும் எண்ணால் வகுப்பது எளிய முறை. பருமன் 64 ஃபெம்டோலிட்டர், எண்ணிக்கை 5.8 ஆயின் ஈவு 11. பருமன் 68, எண்ணிக்கை 4 ஆயின் 17. ஈவு 13-க்குக் குறைந்தால் தலசீமியாக் கூறு உண்டோ என ஐயுற வேண்டும். ஃபெரிட்டின் அளவும் ஹீமோகுளோபின் பிரிப்புச் சோதனையுமே முடிவு கூறத்தக்கவை.

இவ்விரு நோயாளரையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் வேற்றுமை மனத்தில் பதியும். ஒரே வேளையில் மிகுதியான செய்திகளைப் புகுத்தினால் நினைவு சுமைதாங்காது என 1988-இல் ஜான் ஸ்வெல்லர் விளக்கினார். இடைவெளி விட்டுப் பயில்வதன் நன்மையை எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டினார். ஆகவே, நாளொன்றுக்குச் சில படங்கள், சில நாள் கழித்து அவற்றையே பெயரின்றிக் காட்டி வினாவுதல் என்பது தக்க முறையாகும்.

திரையும் உருப்பெருக்கியும்

கண்ணாடித் தகட்டை டிஜிட்டல் படமாக்கினால், ஆசிரியர் சுட்டும் அதே அணுவை மாணவர் அனைவரும் காண இயலும். சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் 2020 ஆகஸ்டு 10-இல் தொடங்கப்பெற்றது. தொலைவிலுள்ள வல்லுநரிடம் படங்களை அனுப்பிக் கருத்தறிய இத்தகைய இணைப்பு துணைபுரியும்.

ஆயினும், இரத்தத்தை மெல்லப் பூசுதலும் லீஷ்மன் சாயமிடுதலும் கைப்பழக்கத்தால் வருவன. பூச்சு தடித்தால், சிறந்த படக்கருவியும் தெளிவற்ற படத்தையே தரும். திரையில் பெற்ற அறிவு உருப்பெருக்கியின்கீழ் உறுதிப்பட்ட பின்னரே நோயாளிக்குப் பயன்படும்.