பூட்டிய கோப்புகளும் மீட்பு வழிகளும்

குடும்ப ஒளிப்படங்கள், கல்விச் சான்றிதழ்கள், பத்திர நகல்கள் எனப் பலவும் இன்று கணினிக் கோப்புகளாகிவிட்டன. வீட்டிலுள்ள கணினிகளும் திறன்பேசிகளும் பொதுவாகப் பயன்படுத்துமாறு இவற்றைச் சேமித்து வைக்கும் வன்தட்டுப் பெட்டியை வலைச் சேமிப்பகம் என்பர். இணையத்திலிருந்து அணுக வழி திறந்திருந்தால், இப்பெட்டி தாக்குதலுக்கும் இலக்காகிறது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீய மென்பொருளே ரேன்சம்வேர். இதனைப் பணயத் தீநிரல் எனலாம்.

கியூலாக்கர் தாக்குதல்

2021 ஏப்ரலில், தைவானின் கியூநாப் நிறுவனம் தயாரித்த சேமிப்பகங்களைக் கியூலாக்கர் என்னும் தீநிரல் தாக்கியது. கோப்புகளைச் சுருக்க உதவும் செவன்-சிப் என்னும் மென்பொருளையே அது கருவியாக்கிக் கொண்டது. கோப்புகளைக் கடவுச்சொல் இட்ட சுருக்கக் கோப்புகளாக மாற்றியபின் மூலக் கோப்புகளை நீக்கியது. கடவுச்சொல்லுக்கு 0.01 பிட்காயின் கேட்கப்பட்டது.

நீக்கியது அழிவதில்லை

நூலகப் பட்டியலிலிருந்து ஒரு நூலின் பெயரை அடித்துவிட்டாலும் நூல் அலமாரியிலேயே இருக்கும். வன்தட்டிலும் அவ்வாறே. கோப்பை நீக்கும்போது அதன் இருப்பிடக் குறிப்பு மட்டுமே பெரும்பாலும் நீங்குகிறது. உள்ளடக்கம், அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை எஞ்சியிருக்கும். ஃபோட்டோரெக் என்னும் கட்டணமற்ற மென்பொருள் இவ்வியல்பைப் பயன்படுத்துகிறது. பல கோப்பு வகைகளின் தொடக்கத்தில் அவற்றை இனங்காட்டும் அடையாளக் குறியீடு உண்டு. அக்குறியீடுகளைத் தேடிக் கோப்புகளை மீட்கிறது இம்மென்பொருள். ஆயினும் கோப்புகளின் பழைய பெயர்கள் பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை.

எனவே, பாதிக்கப்பட்ட வன்தட்டில் புதிதாக எதையும் எழுதலாகாது. மீட்கும் கோப்புகளை வேறொரு வன்தட்டிலேயே சேமிக்க வேண்டும். சேமிப்பகத்தை இணையத்திலிருந்து உடனே துண்டிக்க வேண்டும். கியூலாக்கர் இயங்கிக்கொண்டிருந்த வேளையில் அதன் கடவுச்சொல்லைக் கருவியிலிருந்தே கண்டறிய வழியிருந்தது; பதற்றத்தில் மின்இணைப்பை நிறுத்தியவர்கள் அவ்வாய்ப்பை இழந்தனர்.

காவல்துறையின் உத்தி

2022இல் டெட்போல்ட் என்னும் மற்றொரு தீநிரல் பரவியது. பிட்காயின் செலுத்தியதும் திறவுகோல் தானாகவே வெளிப்படும் வகையில் அது அமைந்திருந்தது. நெதர்லாந்து காவல்துறையினர் பணம் செலுத்தித் திறவுகோலைப் பெற்றபின், பரிமாற்றம் உறுதியாகும் முன்பே அதனைத் திரும்பப் பெற்றனர். இவ்வாறு 155 திறவுகோல்கள் கிடைத்தன.

வருமுன் காத்தல்

எல்லாத் தாக்குதல்களிலும் இத்தகைய வழி கிடைப்பதில்லை. வலிமையான மறையாக்கத்தைத் திறவுகோலின்றி உடைப்பது இயலாது. பணம் கொடுத்தாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. இரு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் அமைப்பும் பயன்தராது. ஒன்றில் நிகழும் பூட்டு மற்றதிலும் நிகழும். மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேறிடத்தில் என்பது வல்லுநர் பரிந்துரைக்கும் முறை. அவற்றுள் ஒன்றேனும் இணைப்பின்றித் தனித்திருக்க வேண்டும். எட்டாத இடத்திலுள்ள படியைத் தீநிரலால் பூட்ட இயலாது.