நவீன பேட்டன் டாங்கிகள் கரும்புத் தோட்டத்தில் சிக்கியது எப்படி? 1965 அசல் உத்தர் போர் சொல்லும் பாடம்

பஞ்சாபின் பிக்கிவிண்ட் அருகே 1965 செப்டம்பரில் ஒரு திறந்தவெளிக்கு 'பேட்டன் நகர்' என்று பெயர் வந்தது. அங்கே வீடும் இல்லை, தெருவும் இல்லை. போரில் சிக்கிய பாகிஸ்தான் டாங்கிகளை இழுத்து வந்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சில டாங்கிகள் எரிந்து கருகிப்போயிருந்தன. சில, பெரிய சேதம் எதுவும் இல்லாமல், சேற்றில் சிக்கிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போனவை.

அன்றைய தேதிக்கு ஆசியாவின் இந்தப் பகுதியில் இருந்த நவீன டாங்கிகளில் பேட்டனும் ஒன்று. எதிரே இருந்த இந்தியப் படையிலோ இரண்டாம் உலகப் போர் காலத்து ஷெர்மன்கள்கூட ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் எப்படி இது நடந்தது? 'நம்ம ஜவான்களின் வீரம்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது உண்மைதான். ஆனால் முழுக் கதை அதுமட்டும் இல்லை.

யாரிடம் என்ன டாங்கி இருந்தது?

1954-ல் அமெரிக்காவுடன் பாகிஸ்தான் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. அதன் வழியாக வந்தவைதான் எம்-47, எம்-48 ரக பேட்டன் டாங்கிகள். இரண்டாம் உலகப் போரில் பெயர் வாங்கிய அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டனின் பெயரை இவற்றுக்கு வைத்தார்கள். எடை சுமார் 45 டன், 90 மில்லிமீட்டர் பீரங்கி, இரவில் பார்க்க அகச்சிவப்புக் கருவி, இலக்கின் தூரத்தைக் கணக்கிடத் தனிக் கருவி என்று வசதிகளுக்குக் குறைவில்லை.

கேம் கரன் முனையில் இந்தியாவிடம் இருந்தவை மூன்று வகை.

ஒன்று, பிரிட்டன் தயாரித்த செஞ்சூரியன். சுமார் 50 டன் எடை, கனமான கவசம், 84 மில்லிமீட்டர் பீரங்கி. பேட்டனுக்கு ஈடுகொடுக்கக்கூடியது இது ஒன்றுதான்.

இரண்டு, அமெரிக்கத் தயாரிப்பான ஷெர்மன். 1942-ல் எல் அலமைன் போரில் களமிறங்கி, போர் முடிவதற்குள் கிட்டத்தட்ட 50,000 வரை தயாரான டாங்கி. டெக்கான் ஹார்ஸ் ரெஜிமென்ட் 1945-ல் பர்மாவின் மெய்க்டிலா போரில் ஷெர்மன்களோடுதான் சண்டை போட்டது. 20 வருஷம் கழித்து கேம் கரனுக்கு வந்தபோதும் அதன் கையில் இருந்தது ஷெர்மன்தான்.

மூன்று, பிரான்ஸின் ஏ.எம்.எக்ஸ்-13. சுமார் 15 டன் மட்டுமே எடையுள்ள இலகு ரக டாங்கி. கவசம் மெலிசு. பேட்டனின் குண்டு நேராகப் பட்டால் தாங்காது.

தோல்வியில் தொடங்கிய போர்

செப்டம்பர் 6-ம் தேதி இந்திய ராணுவம் பஞ்சாப் எல்லையைத் தாண்டித் தாக்கியது. கேம் கரன் பகுதியில் அந்தப் பொறுப்பு மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங் தலைமையிலான 4-வது மலைப் படைப்பிரிவுக்கு. தாக்குதல் பலிக்கவில்லை. பலத்த இழப்போடு பின்வாங்கிய அந்தப் படைப்பிரிவு, அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றித் தற்காப்பு அரண் அமைத்தது. துணைக்கு வந்தது பிரிகேடியர் தியோகராஜ் தலைமையிலான 2-வது தனி டாங்கி பிரிகேட்.

எதிரே நின்றது பாகிஸ்தானின் 1-வது கவசப் படைப்பிரிவு. அதன் திட்டம் பெரியது. இந்திய அரணை உடைத்து, பியாஸ் ஆற்றுப் பாலத்தைப் பிடித்து, கிராண்ட் டிரங்க் சாலையைத் துண்டிப்பது. அது நடந்திருந்தால் அமிர்தசரஸும் அங்கிருந்த இந்தியப் படைகளும் தனித்துவிடப்பட்டிருக்கும்.

வயலுக்குள் தண்ணீர்

பேட்டன்களை நேருக்கு நேர் வரிசைகட்டி எதிர்த்தால் தாங்காது என்பது இந்தியத் தளபதிகளுக்குத் தெரியும். அதனால் குதிரை லாட வடிவில் படையை நிறுத்தினார்கள். நடுவே திறந்த வாய், மூன்று பக்கமும் துப்பாக்கிகள். கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற பருவம் அது. உள்ளே ஒரு டாங்கி ஒளிந்திருந்தால் வெளியே தெரியாது. கூடவே, கால்வாய்க் கரைகளை வெட்டி வயல்களுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 8-ம் தேதி முதல் பாகிஸ்தான் டாங்கிகள் திரும்பத் திரும்ப மோதின. 10-ம் தேதி பெரிய தாக்குதல். பக்கவாட்டில் சுற்றி வளைக்க வந்த பேட்டன்கள் ஈர நிலத்துக்குள் இறங்கின. நெல் வயலில் டிராக்டர் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். 45 டன் எடை என்றால் நிலைமை எப்படி இருக்கும்? சில டாங்கிகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. மற்றவை வேகம் குறைந்து, திரும்ப வழியில்லாமல் திணறின. கரும்புக்குள் காத்திருந்த 3-வது கேவல்ரியின் செஞ்சூரியன்கள் கிட்டத்தில் இருந்து பக்கவாட்டில் சுட்டன. டாங்கியின் முன்பக்கக் கவசம்தான் கனமானது, பக்கவாட்டில் மெலிசு. கிட்டத்தில் இருந்து சுடும்போது செஞ்சூரியனின் பீரங்கிக்கு அது ஒரு தடையே இல்லை.

ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கியோடு பேட்டன்களை வேட்டையாடியவர் 4-வது கிரெனேடியர்ஸ் படையின் ஹவில்தார் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்துக்காரர். பல டாங்கிகளை வீழ்த்திய அவர், சண்டையிலேயே உயிரிழந்தார். மறைவுக்குப் பின் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஒரு ஜீப்பின் விலைக்கும் ஒரு டாங்கியின் விலைக்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். அவர் செய்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இந்தியக் கணக்குப்படி, அழிந்ததும் கைப்பற்றப்பட்டதுமாக பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97.

பேட்டன் மோசமான டாங்கியா?

இல்லை. அதன் பலமே அங்கே பாரமாகிவிட்டது. தூரம் கணக்கிடும் கருவியைச் சரியாகப் பயன்படுத்த நீண்ட பயிற்சி வேண்டும். தொலைதூரச் சண்டைக்குத்தான் அதனால் பயன் அதிகம். கரும்புத் தோட்டத்துக்குள் சில நூறு மீட்டரில் எதிரி எழுந்து நிற்கும்போது, யார் முதலில் பார்த்துச் சுடுகிறார்களோ அவர்கள்தான் பிழைப்பார்கள். அங்கே செஞ்சூரியனின் எளிமையான குறிபார்க்கும் முறையே போதுமானதாக இருந்தது.

இன்னொரு குறை, டாங்கிகளோடு போதிய காலாட்படை சேர்ந்து வரவில்லை. தோட்டத்துக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று முன்னால் போய்ப் பார்க்க ஆளில்லாவிட்டால், டாங்கி கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோலத்தான்.

இதே பேட்டன் இன்னொரு முனையில் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். சியால்கோட் பகுதியில் இந்தியாவின் 1-வது கவசப் படைப்பிரிவு, செஞ்சூரியன்களோடு முன்னேறியது. பில்லோராவைப் பிடித்தது. ஆனால் சாவிண்டாவில் தடுத்து நிறுத்தப்பட்டது. அங்கே தற்காப்பில் நின்ற டாங்கிகளில் பேட்டன்களும் இருந்தன. பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட்டின் தளபதி லெப்டினன்ட் கர்னல் தாராப்பூர் அந்தச் சண்டையில்தான் உயிரிழந்தார். அவருக்கும் பரம் வீர் சக்ரா கிடைத்தது.

அதாவது, அதே இரண்டு டாங்கிகள், அதே மாதம். ஓரிடத்தில் காத்திருந்த செஞ்சூரியன் ஜெயித்தது. இன்னோரிடத்தில் காத்திருந்த பேட்டன், செஞ்சூரியனை நிறுத்தியது. அசல் உத்தரில் ஜெயித்த பிறகும் கேம் கரன் ஊரை இந்தியாவால் சண்டையிட்டு மீட்க முடியவில்லை. போர்நிறுத்தம் வரை அது பாகிஸ்தான் வசம்தான் இருந்தது.

ஆவடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. 1965-ல் இந்தியா ஓட்டிய டாங்கிகள் எல்லாமே வெளிநாட்டில் இருந்து வாங்கியவை. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில் 'விஜயந்தா' டாங்கியைத் தயாரிக்க 1961-லேயே ஒப்பந்தமாகியிருந்தது. அதற்காக உருவானதுதான் சென்னை அருகே ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலை. 105 மில்லிமீட்டர் பீரங்கியோடு வந்த விஜயந்தா, பல ஆண்டுகள் ராணுவத்தின் முக்கிய டாங்கியாக இருந்தது. பிறகு டி-72, டி-90, உள்நாட்டில் வடிவமைத்த அர்ஜுன் என்று ஆவடியின் பட்டியல் நீண்டது.

ஆனால் அசல் உத்தர் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை: இந்த டாங்கி எந்த மண்ணில் ஓடப்போகிறது? அர்ஜுனின் மேம்பட்ட ரகம் சுமார் 68 டன். பாலைவனத்தில் நன்றாக ஓடுகிறது. பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்கள் அதைத் தாங்குமா என்ற கவலை பல காலமாக இருக்கிறது. 2020-ல் லடாக்கில் சீனாவோடு பதற்றம் ஏற்பட்ட பிறகு, மலையில் ஏறத் தோதாக 25 டன் எடையில் 'ஜோராவர்' என்ற இலகு ரக டாங்கியை உருவாக்கி வருகிறார்கள்.

புதிய டாங்கி பற்றிய செய்தி வரும்போதெல்லாம் பீரங்கி எத்தனை மில்லிமீட்டர், எஞ்சின் எத்தனை குதிரைத் திறன் என்றுதான் முதலில் பார்ப்போம். கூடவே எடை எவ்வளவு, எங்கே ஓட்டப்போகிறார்கள், ஓட்டுபவருக்கு எத்தனை நாள் பயிற்சி என்பதையும் தேடிப் பாருங்கள். பேட்டன்கள் கேம் கரனில் மாட்டிக்கொண்டது இந்த மூன்றில்தான்.