ஏரி வரத்து வாய்க்காலும் கணிப்பொறி நிலப்படமும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கரிசல் பூமியில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் முதலியவை பெரும்பாலும் மழையை நம்பியே பயிராகின்றன. ஏரிப் பாசனமுள்ள இடங்களில் நெல் விளைகின்றது. கரை உறுதியாயிருந்தும் ஏரி நிரம்பாமற்போவதற்கு அநேக கிராமங்களில் வரத்து வாய்க்கால் தூர்ந்து மறைந்ததே காரணமாகும். அவ்வாய்க்கால் சென்ற வழியைக் கண்டறிய க்யூ.ஜி.ஐ.எஸ். என்னும் நிலப்பட மென்பொருள் மிகவும் பயன்படும். 2002-ம் ஆண்டில் கேரி ஷெர்மன் என்பவரால் தொடங்கப்பெற்ற இது விலையின்றிக் கிடைப்பது. இதனைக் கையாளுவோர் அறியவேண்டிய சொற்கள் சில கீழே விளக்கப்படுகின்றன.

லேயர்: எண்ணெய்க் காகிதங்களில் தனித்தனியே வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்தாற்போன்ற அடுக்கு இது. ஏரி ஓர் அடுக்கிலும், புலங்கள் மற்றோர் அடுக்கிலும், வாய்க்கால் வேறோர் அடுக்கிலும் இருக்கும். வேண்டியதை மறைக்கலாம், வேண்டியபோது காட்டலாம்.

ராஸ்டர், வெக்டர்: சிறு சிறு சதுரங்களால் ஆன படம் ராஸ்டர். விண்கோள் படமும், நகலெடுத்த கிராமப் படமும் இவ்வகையின. புள்ளி, கோடு, பரப்பு ஆகியவற்றால் வரையப்படுவது வெக்டர். கிணறு புள்ளியாகவும், வாய்க்கால் கோடாகவும், புலம் பரப்பாகவும் அமையும்.

பண்பு அட்டவணை: ஒவ்வொரு புலத்துக்கும் உரிய புல எண், உட்பிரிவு, விஸ்தீரணம், மண் வகை, பயிர் ஆகியவற்றை எழுதிவைக்கும் பதிவேடு இதுவாகும்.

ப்ரொஜெக்ஷன்: உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் முறை. இவ்விரு ஜில்லாக்களும் யு.டி.எம். முறையில் 44-ம் வடக்கு மண்டலத்தில் அடங்கும். இதனைத் தேர்ந்துகொண்டால் நீளம் மீட்டரிலும் பரப்பு சதுர மீட்டரிலும் கிடைக்கும். பாகைக் கணக்கிலேயே விட்டுவிட்டால் அளவுகள் பயன்படா. ஏனெனில் இங்கு ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீட்டராகும். பழைய புலப்படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கக்கூடும். 100 லிங்க் கொண்ட ஒரு சங்கிலி 66 அடி, அதாவது சுமார் 20.12 மீட்டர் என்பதை மறத்தலாகாது.

ஜியோரெபரன்ஸ்: பழைய படத்தைப் பூமியில் அதற்குரிய இடத்தில் பொருத்துதல். இரு ஜில்லாக்களும் முன்னர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தமையால் பழைய படங்களில் அப்பெயரே காணப்படும். மதகு, கோயில், எல்லைக்கல் போன்ற இடம்பெயராத அடையாளங்களைப் படத்தின் எல்லாப் பக்கங்களிலும் பரவியிருக்குமாறு தேர்ந்து, விண்கோள் படத்திலுள்ள அதே இடங்களுடன் இணைத்தல் வேண்டும். ஒரே மூலையில் நெருங்கிய புள்ளிகளைக் கொண்டால் மறு மூலை விலகிவிடும்.

பபர்: வாய்க்காற் கோட்டின் இருபுறமும் குறித்த அகலத்திற்கு வரையப்படும் பட்டை. இப்பட்டையைப் புல அடுக்குடன் வெட்டிப் பார்த்தால் வாய்க்கால் எந்தெந்தப் புல எண்களின் வழியே சென்றதென்பது தெரியவரும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். சென்டினல்-2 விண்கோள் படத்தில் ஒரு சதுரம் 10 மீட்டர் பக்கமுடையது. ஆகவே இரண்டு மீட்டர் அகலமுள்ள வாய்க்கால் அதில் தெளிவாய்த் தோன்றாது. கைப்பேசி காட்டும் இடமும் சில மீட்டர் பிசகக்கூடும். இக்காரணங்களால், திரையிற் கண்ட கோட்டைக்கொண்டு அண்டை நிலத்தாரை ஆக்கிரமிப்பாளர் என்று கூறுவதோ, வரப்பை வெட்டுவதோ தகாது. எல்லையை நிர்ணயிக்கவேண்டியது வருவாய்த்துறைப் பதிவுகளையும் புலப்படத்தையும் கொண்டு சர்வேயர் செய்யும் அளவையே.

கணிப்பொறிப் படம் எங்கே தேடவேண்டும் என்பதை மட்டும் காட்டும். அப்படத்துடனும் புல எண்களின் பட்டியலுடனும் ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுகூடி, மழைக்காலத்துக்கு முன்னரே அதிகாரிகளிடம் அளவைக்கு மனுச்செய்துகொள்வார்களாயின், வாய்க்காலைத் தூர்வாரி அப்பருவத்து மழைநீரை ஏரியிற் சேர்க்க ஏதுவாகும்.